படித்தது ஏன் மறக்கிறது?

பரீட்சைக்கு முந்திய இரவில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, எல்லாம் பதிந்துவிட்டதென்று திருப்தியுடன் உறங்கச் செல்லும் மாணவன், பரிச்சயத்தை ஞானமென்று மயங்குகிறான். ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், நான்கு தவணையும் வாசித்தே கழித்தவர்கள் ஐந்து நிமிஷத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழிந்தபோதோ, அவர்கள் நினைவில் நின்றது 40 சதவீதமே. ஒரு தவணை வாசித்து, எஞ்சிய மூன்றிலும் தலைப்பு மட்டுமே அச்சிட்ட தாளில் ஞாபகத்திலிருந்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நின்றது. வேடிக்கை யாதெனில், நன்றாக நினைவிருக்குமென்று அதிகம் நம்பியவர்கள் வாசித்தே கழித்தவர்களே! மறைந்ததை மனத்தில் தேடி வெளிக்கொணரும் பிரயாசையே ஞாபகத்தை உறுதிசெய்கிறது; கண்ணெதிரே எழுத்து விரிந்திருக்கையில் அப்பிரயாசைக்கு அவசியமேது? ஆகையால், கல்லூரி நண்பரே, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாரும். பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் படியும்.