பழைய தூணும் புதிய இல்லமும்

மதுரைக்கு வருவோர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அடுத்தபடியாகக் கண்டு வியப்பது திருமலை நாயக்கர் மகால். 1636-ஆம் ஆண்டில் எழுந்த அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே என்பதைப் பலர் அறியார். மன்னரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இதன் பகுதிகளைப் பிரித்து, அங்கே புது மாளிகை எழுப்பக் கொண்டு சென்றார். மிஞ்சியதைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866-க்கும் 1872-க்கும் இடையில் பழுது பார்க்கச் செய்திராவிடில், அதுவும் நிலைத்திருக்குமோ என்பது ஐயமே.

மாணவ நண்பர்களுக்கு இதை நினைவூட்டக் காரணம் உண்டு. ஓர் இல்லத்தைப் பிரித்து மற்றோர் இல்லத்தை அழகு செய்யும் வழக்கம் இன்றும் ஓயவில்லை. மதுரையில் புதுமனை புகுந்த நண்பர் ஒருவர், கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்த தேக்குத் தூணைப் பெருமையுடன் எனக்குக் காட்டினார். காரைக்குடியில் பழம்பொருட் கடையொன்றில் வாங்கியதாம். தூண் அழகியதுதான், ஆனால் அது எதையும் தாங்கவில்லை. உத்திரம் பொருந்தியிருந்த துளை அதன் உச்சியில் வெறுமையாய்க் கிடந்தது.

அத்தூண் பிறந்த செட்டிநாட்டு வீடுகள் மதுரைக்கு வடகிழக்கே 80, 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. பழமையே உருவானவை என்று அவற்றை நாம் எண்ணுகிறோம். கட்டிய காலத்தில் அவை முற்றிலும் புதுப்பாணி வீடுகள்! பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலேறி வந்தன. ஆயினும் வீட்டின் அமைப்பு நம்முடையதாகவே இருந்தது. முகப்பு, திண்ணை, வானம் பார்த்த வளவு, இரண்டாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாய் நேர்கோட்டில் அமைந்தமையால், வாயிலில் நுழையும் காற்று பின்கட்டு வரை செல்லும். வெப்பக் காற்று வளவின் வழியே மேலெழும். பழமையும் புதுமையும் கலக்கும் முறைக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த செல்வமும் வற்றியது. பின்னர்ப் பாகம் பிரிந்தும் பராமரிக்க இயலாமலும் பல வீடுகள் தூண் தூணாக, கதவு கதவாக விலைபோயின. சில, பயணியர் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. அத்தகைய வீட்டில் இன்றைய வசதிகளைப் புகுத்துவோர் ஒன்றை மறக்கலாகாது: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய மேற்பூச்சு பொரிந்து உதிரும்.

புதிதாக வீடு கட்டுவோருக்கு வேறு வழி உண்டு. காரைக்குடிக்கு அருகேயுள்ள ஆத்தங்குடியில் தளக்கற்களை இன்றும் கையாலேயே செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவி, அதன்மேல் ஈரக்கலவையை இட்டுக் கையால் அழுத்துகிறார்கள். பிறகு நீர்த்தொட்டியில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளை இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு தூணை வாங்கினால் எங்கோ ஒரு கூரை இறங்குகிறது. இக்கற்களை வாங்கினாலோ ஒரு தொழிலாளிக்கு நாளையும் வேலை கிடைக்கிறது.

நண்பரின் மாடியறைக்கு இனிமேல்தான் தளமிட வேண்டும். வண்ணங்களைத் தேர்ந்தெடுக்க அவரை ஆத்தங்குடிக்கு அழைத்துச் சென்றேன். மெருகேற்ற இயந்திரம் வேண்டுமா என்று அவர் வினவினார். வேண்டியதில்லை, நடக்க நடக்க மினுமினுப்பு ஏறும் என்றார் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்த தொழிலாளி.