நெடுந்தீவின் புறாக்கூடு

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நமது கல்விச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி மேலும் ஒரு மணி நேரமளவு சென்றால் நெடுந்தீவு. மட்டக்குதிரைகளையும் பெருக்க மரத்தையும் தேடிப் போகிறவர்கள், அங்குள்ள பழைய புறாக்கூட்டைப் படமெடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரான டெல்ஃப்ட்டின் பெயரையே இத்தீவுக்கு வைத்தனர். அவர்கள் காலத்ததாகச் சொல்லப்படும் இக்கூடு பவளக்கற்களால் ஆனது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, சுவரில் வரிசையாகப் பொந்துகள் விட்டிருக்கிறார்கள். பாம்போ பூனையோ எளிதில் எட்டாத உயரத்தில், புறாக்கள் சோடி சோடியாகத் தங்குவதற்கு.

யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி அனுப்ப வளர்த்த புறாக்கள் என்பார்கள். இதில் பலரும் யோசிக்காத ஒன்றுண்டு. தூதுப் புறாவுக்கு ஒரு வழிதான் தெரியும். அது தன் கூட்டுக்குத் திரும்பும் வழி. ஆகவே நெடுந்தீவுப் புறாவைக் கூடையில் வைத்துப் படகில் கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காலில் கடிதம் கட்டிப் பறக்கவிட்டால், ஏறத்தாழ 40 கிலோமீற்றரை முக்கால் மணி நேரத்தில் கடந்து தீவுக்கு வந்துவிடும். தீவிலிருந்து பதில் அனுப்பவோ கோட்டையில் வளர்ந்த புறா வேண்டும். ஒரு கூட்டினால் பாதித் தபால்தான் நடக்கும்!

12ஆம் நூற்றாண்டில் சிரியாவையும் எகிப்தையும் புறாத் தபாலால் இணைத்த ஸுல்தான் நூருத்தீன் ஸங்கி, இதனால்தான் ஊருக்கு ஊர் கூடுகள் வைக்க வேண்டியிருந்தது.

புறாக்கூட்டுக்கு வேறு பயன்களும் உண்டு. ஐரோப்பியப் பண்ணைகளில் குஞ்சுகளின் இறைச்சிக்காகப் புறா வளர்த்தார்கள். ஈரானின் இஸ்பஹானில் முலாம்பழத் தோட்டங்களுக்கு எருச் சேர்க்கவே பெருங்கோபுரங்கள் எழுப்பினார்கள். கடல் கொந்தளித்தால் படகு வராத தீவில், அதிகாரிகளின் சமையலுக்கும் இப்புறாக்கள் பயன்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தூது என்ற கதை அழகாக இருப்பதால் அதுவே நிலைத்துவிட்டது போலும்.

கடற்காற்றின் உப்பு பவளக்கல்லை மெல்ல அரிக்கும். உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகக் கடலிலிருந்து புதிதாக வெட்டி எடுக்கவும் இயலாது. பவளப்பாறை அகழ்வது இன்று சட்டப்படி குற்றம். அப்படியிருக்க, சுற்றுலா வருகிறவர்கள் பழைய சுவர்களில் ஆணியால் பெயர் கீறிவிட்டுப் போகிறார்கள்.