999 ஏன் 99 ஆனது?

அலுவலகத்திலிருந்து வெளியே பேச முதலில் 9ஐ அழுத்தும் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 9 ஒரு முதியோர் இல்லத்தில் செய்த வேலையைச் சொல்கிறேன்.

அங்கே பழைய கணினி ஒன்றில் ‘ஆஸ்டெரிஸ்க்’ என்ற இலவச மென்பொருளை யாரோ ஏற்றி, அறைகளுக்கெல்லாம் இணையத் தொலைபேசி கொடுத்திருந்தார்கள். கட்டணம் மிச்சம்தான். ஒருநாள் பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழ, அங்கிருந்து 999 போகவே இல்லை. நல்லவேளை, பணிப்பெண்ணிடம் கைத்தொலைபேசி இருந்தது. “மற்ற எல்லா நம்பரும் போகுதே தம்பி!” என்றார் மேற்பார்வையாளர் அக்கா.

அழைப்புப் பதிவைத் திறந்ததும் விடை கிடைத்தது. ‘9இல் தொடங்கினால் முதல் 9ஐ வெட்டிவிட்டு மீதியை வெளியே அனுப்பு’ என்பது அங்கிருந்த விதி. 999 அழுத்தினால் வெளியே போவது வெறும் 99! 9999 அழுத்தியிருந்தால் போயிருக்கும். பதற்றத்தில் யாருக்கு அது தோன்றும்?

999க்கென்று எதையும் வெட்டாத தனி விதி எழுதினேன். பொதுவான விதியைவிடக் குறிப்பான விதிக்கே ஆஸ்டெரிஸ்க் முதலிடம் தரும். ஆனால் இரண்டும் ஒரே பிரிவில் இருக்க வேண்டும். வேறு பிரிவில் எழுதி இணைத்தால் பழையதே முந்திக்கொள்ளும். இங்கேதான் பலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

சோதிக்கிறேன் என்று 999ஐ அழைத்துத் தொல்லை கொடுக்காதீர்கள். ‘டயல்பிளான் ஷோ’ கட்டளையோடு எண்ணையும் பிரிவின் பெயரையும் கொடுத்தால், எந்த விதி பொருந்தும் என்று அழைக்காமலே காட்டிவிடும். அதற்கு அப்பால் இணைத்துத் தருவது சேவை நிறுவனத்தின் வேலை. அதை அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

மின்சாரம் போனால் இந்தக் கணினியும் படுத்துவிடும். அக்காவின் மேசையில் இப்போது ஒரு கைத்தொலைபேசி எந்நேரமும் சார்ஜில் கிடக்கிறது.