நிமிர்ந்து நிற்கும் வேளை

பதுளை மரியன்னை பேராலயத்தில் ஞாயிற்றுப் பூசை காணும்போதெல்லாம் என் கண்கள் பீடத்தை விட்டு அயலாரின் கைகளை நாடும். கொழுந்துக் கறை ஏறிய கைகள். சுவிசேஷ வேளையில் அனைவரும் எழுந்து, நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிறு சிலுவை வரைகின்றனர். இறைவார்த்தை சிந்தையில் தங்கி, நாவில் ஒலித்து, நெஞ்சில் நிலைக்கட்டும் என்பது பொருள்.

எழுந்து நிற்பதற்கும் பொருளுண்டு. முழந்தாளிடுதலே பக்தியின் உச்சம் என்போர் வியக்கக்கூடும்: கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம், ஞாயிறன்று நின்றே செபிக்க வேண்டுமென விதித்தது. நிற்றல் உயிர்த்தெழுதலின் அடையாளம்.

இதை நான் நூலிற் கற்றேன். ஊவாத் தோட்டமொன்றிற் கொழுந்தெடுத்த என் அப்பாயி எழுத்தறியாதவர். பிரட்டுக் களத்தில் துரைக்கு முன்னும் நின்றவர்தாம். ஆனால் தலை கவிழ்ந்து. தாய்மொழி வழிபாட்டுக்கு வத்திக்கான் சங்கம் 1963இல் இடமளிக்குமுன் பூசை இலத்தீனில் நடந்தது; ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியதில்லை. ஆயினும் சுவிசேஷம் தொடங்கியதும் முக்காட்டைத் திருத்தி, கூடை சுமந்து கூனிய முதுகை மெல்ல நிமிர்த்துவார். கால்கள் நடுங்கும்.

“உக்காருங்க அப்பாயி” என்றேன் ஒருநாள், சிறுவனாக.

“இங்கயாவது நிமிந்து நிக்கிறேன், விடு சாமி.”