உங்களுக்குத் தெரியுமா? ஆறு நிமிட நடை

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள குழந்தையின் உடல் எவ்வளவு தாங்கும்? பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் கூம்பு, ஸ்டாப்வாட்ச், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். 6 நிமிடம் நடக்கணும், ஓடக் கூடாது. (வாண்டுகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கடந்த தூரமே கணக்கு.

இதைவிட நுட்பமான சோதனையில், உச்ச உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனையே அளப்பார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள, 7 வயதுக் குழந்தைகள் முதல் 35 வயதினர் வரை 109 பேரிடம் நடந்த இப்படியோர் ஆய்வு 1992-ல் அமெரிக்காவில் வெளியானது. அந்த அளவு அதிகம் இருந்தவர்களில் 83 சதவீதத்தினர் 8 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். மிகக் குறைவாக இருந்தவர்களில் 28 சதவீதத்தினர்தான்.