காய்ந்த புல்லில் நிற்கும் மலைமாடு

தளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் கலப்பினப் பசுவுக்குப் புண்ணாக்கும் தவிடும் வாங்கியே மாளவில்லை. பெட்டமுகிலாளம் பக்கம் காட்டில் மேயும் மாடுகள் சித்திரை வெயிலில் எதைத் தின்று உயிரோடு இருக்கின்றன?"

தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர்க் காட்டைத் தாண்டி மேலே போனால் அந்த மாடுகளைப் பார்க்கலாம். ஆலம்பாடியும் அதையொத்த நாட்டு மாடுகளும். சாம்பல் நிறம், இறுகிய கால்கள். பால் கொஞ்சம்தான், உழவில் சளைக்காது.

அசைபோடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு வியப்புத் தீராதது மாட்டின் யூரியா கணக்கு. புரதம் செரித்து மிஞ்சும் நைட்ரஜனை நம் உடல் யூரியாவாக்கிப் பெரும்பாலும் சிறுநீரில் தள்ளிவிடும். மாடோ அதில் ஒரு பங்கை ரத்தம் வழியாகவும் எச்சில் வழியாகவும் முதல் வயிற்றுக்கே திருப்பி அனுப்புகிறது. அங்கே, ராகிக் கூழ் இரவெல்லாம் புளிப்பதுபோல, கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைக்கின்றன. திரும்பி வந்த யூரியாவை அவை அம்மோனியாவாக உடைத்துத் தங்கள் உடம்புக்குப் புரதமாக்கிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே குடலுக்கு இறங்கி மாட்டுக்கு உணவாகின்றன! புல்லில் புரதம் குறையும்போது சிறுநீரகமும் யூரியாவை எளிதில் வெளியே விடாது. கலப்பினப் பசுவுக்கும் இதே வயிறுதான். ஆனால் குடம் குடமாகக் கறக்கும் உடம்புக்கு இந்தச் சிக்கனம் போதாது. புண்ணாக்குச் செலவு அங்கேதான் வருகிறது.

இந்தச் சிக்கனத்துக்கும் புல் வேண்டுமே. ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று காட்டுத் தரையை மூடுகிறது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. யானைக்கும் அது இழப்புதான்.

இந்த வட்டாரக் காட்டின் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமானது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மாட்டிடமிருந்து காட்டெருமைக்குக் கோமாரி தொற்றும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பட்டிக்கே போய்த் தடுப்பூசி போடலாமே. சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. நம் மேய்ப்பர்களை மட்டும் அத்துமீறுபவர்களாகவே பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

புல் எங்கே நன்றாக வரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? உண்ணிச்செடி அகற்றும் வேலையை அவர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படைக்க வேண்டும். மேலே வெட்டினால் துளிர்த்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்கும் முன்பே செய்துவிட்டால் பறவைகள் விதையைப் பரப்ப முடியாது.