முதல் தூண்டில்: எதை வாங்குவது, எதை விடுவது?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது ஒருவர் ரோபோ என்றார், ஒருவர் சூரிய மின்சாரம் என்றார். எனக்குத் தெரிந்தது தூண்டில்தான். அதிலும் தெரியாத்தனமாக 1,400 ரூபாயைத் தண்ணியில் விட்டவன் நான். அந்தப் பணம் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாய் ஊரை ஒட்டிப் போகிறது. நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியது. வழக்கப்படி மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடியதும் ஆறு ஒரேயடியாக வற்றிவிடாது. மதகுக்குக் கீழேயும் பாலத்தடியிலும் பள்ளங்களில் தண்ணீர் கிடக்கும். மீனெல்லாம் அங்கே வந்து சேரும். அப்பாவுக்கு விவசாயக் கூலி வேலை. வேலை இல்லாத நாளில் தூண்டில் குச்சியோடு அந்தப் பள்ளத்துக்குப் போவார். அன்றைக்கு வீட்டில் குழம்பு உண்டு.

போன செமஸ்டர் லீவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில் ரீல் வைத்த தூண்டில் செட் ஒன்று வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் நண்பர்கள் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. அப்பாவின் மூங்கில் குச்சியை அவர்கள் பார்க்கக் கூடாது என்று அதைக் கூரைக்குள் செருகி ஒளித்து வைத்தேன். அப்பா ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மீனு என்ன அக்கரையிலயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் ரீலுக்குள் மணல் புகுந்து கறகறவென்றது. ஐந்தாம் நாள் நரம்பை ஒழுங்காகச் சுற்ற வைக்கும் கம்பி வளையம் கையோடு வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக். நண்பர்கள் வந்த அன்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்பா பேசாமல் போய்க் கூரையிலிருந்து குச்சியை உருவிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் ஒளித்து வைத்த இடம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அவர் கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ரீல் எதற்கு? தூரமாக வீச, நிறைய நரம்பைச் சுற்றி வைக்க, பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்க. கடற்கரையில் நிற்பவனுக்கும், பெரிய அணையில் கட்லா பிடிப்பவனுக்கும் அது தேவைதான். அப்போதும் நல்ல ரீலாக வாங்க வேண்டும். நம் வாய்க்கால் குளத்தில் ஜிலேபி, கெண்டை, கெளுத்தி எல்லாம் கரையோரப் புல்லடியிலேயே மேய்கின்றன. எட்டடிக் குச்சியும் எட்டடி நரம்பும் இருந்தால் போதும், அந்த இடம் எட்டிவிடும்.

குச்சிக்குக் கல்மூங்கில் நல்லது. உள்ளே பொந்து குறைவு. முற்றிய குச்சியாக வெட்டி நிழலில் காய வைக்க வேண்டும். கோணல் இருந்தால் அனலில் காட்டி நிமிர்த்தலாம். கணுவை மட்டும் சீவுங்கள், பளபளப்பான மேல்தோலைச் சீவாதீர்கள். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளிப்பக்கம்தான், பலமும் அங்கேதான். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் கான்டிலீவர் பீம் படித்தோமே, வளையும்போது அதிக இழுவிசை தாங்குவது வெளி ஓரம் என்று? அதேதான் இது. நுனி பென்சிலைவிட மெல்லிசாக இருக்கட்டும். மீன் வெடுக்கென்று இழுக்கும்போது நுனி வளைந்து ஸ்பிரிங் மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். அப்பா நரம்பை நுனியில் மட்டும் கட்டமாட்டார். குச்சியின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, சுற்றிக்கொண்டே வந்து நுனியில் இன்னொரு முடிச்சு. நுனி ஒடிந்தாலும் மீன் போகாது.

நரம்பு 0.30 மி.மீ. போதும். கடையில் தங்கூஸ் நரம்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். நல்ல நைலானாக இருந்தால் நாலைந்து கிலோ தாங்கும். நாம் பிடிப்பதோ கால் கிலோ, அரைக் கிலோ. விட்டம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு, பரப்பளவுக் கணக்கு. அதற்காகத் தடியாக வாங்கினால் தண்ணியில் விறைத்து நிற்கும், மீன் கிட்ட வராது. வெயிலில் கிடந்து சொரசொரத்த நரம்பை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம், முள்ளில் பார்க்காதீர்கள். முள்ளின் நம்பர் தலைகீழ்க் கணக்கு: 10-ஆம் நம்பர் சின்னது, 4 பெரியது. ஜிலேபிக்கு வாய் சின்னது, 8 அல்லது 10 வாங்குங்கள். கெளுத்திக்கு 4. முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் மாட்டி நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கினால் வேண்டாம். முதல் தடவை காதுள்ள முள்ளே வாங்குங்கள். தட்டைத்தலை முள்ளைக் கட்டப் பழக்கம் வேண்டும். நரம்பைக் காதில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்து சுற்று முறுக்கி, காதை ஒட்டியிருக்கும் சின்ன வளையத்துக்குள் நுனியை விட்டு இழுக்க வேண்டும். இழுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் நொந்துபோகும், மீன் வந்த நேரம் பார்த்து அறுந்துவிடும். என் முதல் மூன்று முள் அப்படித்தான் போயிற்று.

தக்கைக்குக் காசே வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். கனத்துக்கு ஈயம் வாங்கினால் பல்லால் கடித்து நசுக்காதீர்கள், ஈயம் விஷம். பட்டறையில் கழித்துப்போட்ட சின்ன நட்டே போதும். தக்கை முக்கால்வாசி முங்கி, தலை மட்டும் தெரிய வேண்டும். முழுக்க மிதந்தால் மீன் இழுக்கும்போதே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். இரைக்கு மண்புழு, இல்லாவிட்டால் பரோட்டாக் கடை மாவு.

குச்சியை விட்டுவிட்டால் முள், நரம்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 120 ரூபாய்.

இன்னும் இரண்டு சங்கதி. ஏரி, குளங்களில் மீன் பாசி ஏலம் விட்டிருப்பார்கள், கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. தேளி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

என் ரீல் போனாலும் அதில் சுற்றியிருந்த 100 மீட்டர் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு குச்சிக்கு நாலு மீட்டர் என்று இதுவரை ஒன்பது குச்சி கட்டிவிட்டோம்; முடிச்சு நான், குச்சி அப்பா. மீதி நரம்பு ஹாஸ்டலில் என் பெட்டியில் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள். முள் மட்டும் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள்.